கை பார்த்து விடு

தர்பூசணியை லாரியில் ஏற்ற இரண்டு பேர் வேண்டும். கீழே ஒருவர், லாரி மேலே ஒருவர். கீழே நிற்பவர் பழத்தை மேலே வீச வேண்டும். மேலே நிற்பவர் பிடித்து வைக்கோலில் அடுக்க வேண்டும். சொல்வதற்கு இவ்வளவுதான். பழம் ஒவ்வொன்றும் எட்டுக் கிலோ, பத்துக் கிலோ இருக்கும். பிடிக்கிறவர் கை, பழம் வருகிற வேகத்தோடு கொஞ்சம் பின்னால் போய் வாங்க வேண்டும். விறைப்பாகப் பிடித்தால் உள்ளே சதை கலங்கிவிடும். வெளியே தெரியாது, வெட்டும்போதுதான் தெரியும்.

மேலே நிற்பவர் இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு "விடு" என்பார். கீழே நிற்பவர் விடுவார். காதில் விழுந்தது மட்டும் போதாது. கையையும் பார்க்க வேண்டும். கை நீட்டாமல் "விடு" என்றால் சொன்னவர் தப்பு. கையைப் பார்க்காமல் விட்டால் விட்டவர் தப்பு. அந்த ஷெட்டுக்கு வேலைக்கு வருகிற யாருக்கும் முதல் நாள் சொல்லித்தருவது இது ஒன்றுதான்: கை பார்த்து விடு.

ஆனால் இரண்டு வருஷமாக மேலே நிற்பவர் வாயில் அந்த வார்த்தை வருவதில்லை. கையை நீட்டுகிறார், "ம்" என்கிறார்.

"அது என்னண்ணே ‘ம்’? பொண்ணு பார்க்க வந்த இடத்துல தலையாட்டுற மாதிரி," என்று கீழே நிற்கிற ஆள் கத்தினான். "வாயத் திறந்து சொன்னா முத்தா உதிர்ந்துடும்?"

"கை நீட்டியிருக்கேன்ல. கையப் பாரு."

"கண்ணுல வேர்வை வழியுது. காதுலதான் கேக்கும்."

"தொடச்சுக்க."

"தொடைக்கக் கை வேணும்ல? கையில பத்துக் கிலோ இருக்கு."

"ஏன்டா அந்த மனுஷனோட மல்லுக்கட்டற," என்று தரம் பிரிக்கும் மேசையிலிருந்து மேலே நிற்பவரின் மனைவி குரல் கொடுத்தாள். "வீட்டுலயும் அதேதான். சோறு போடவான்னா ம். போதுமான்னா ம். உப்பு இருக்கான்னா அதுக்கும் ம். நானே ருசி பார்த்து நானே பதில் சொல்லிக்கறேன்."

ஆட்கள் சிரித்தார்கள். அவள் பக்கத்தில் ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்த மகள் சிரிக்கவில்லை. இடது காலை ஒரு மரப்பெட்டி மேல் நீட்டி வைத்திருந்தாள். அந்தக் கால் மடங்காது. வருகிற பழத்தை மடியில் வாங்கி, விரல் முட்டியால் இரண்டு தட்டு தட்டிக் காதைச் சாய்த்துக் கேட்பாள். பழம், காய், வெம்பல் என்று மூன்றே வார்த்தை. உட்கார்ந்திருந்தும் நிற்கிற அம்மாவின் தோளுக்கு வந்தாள். பதினான்கு வயதிலேயே ஷெட்டில் அவளுக்கு ஏணி என்று பேர் வைத்துவிட்டார்கள். ஏணி போட்டு ஏற்றுகிற உயரத்துக்கு அவள் நின்ற இடத்திலிருந்தே பழத்தை அனுப்புவாள்.

அன்றைக்கு மதியம் காற்றே இல்லை. மேற்கே மேகம் கட்டியிருந்தது. மழை விழுந்தால் வயலில் இருக்கிற பழமெல்லாம் தண்ணீர் குடித்து வெடித்துவிடும் என்று எல்லோருக்கும் கை பறந்தது. அந்த நேரத்தில்தான் ஒரு வெள்ளைக் கார் வந்து எடைமேடை ஓரமாக நின்றது. இறங்கியவர் கோச். ஏணி படித்த காலேஜின் பாஸ்கெட்பால் கோச். கையில் ஒரு அட்டைப்பெட்டி. சிவப்புப் பனியன் போட்டிருந்தார். அதில், மார்புக்கு நேரே, பெரிய வெள்ளை எழுத்தில் "விடு!" என்று அச்சடித்திருந்தது.

கீழே நின்றவன்தான் முதலில் படித்தான்.

"அடடே, சார் சட்டையிலயே எழுதிக்கிட்டு வந்துட்டாரு. அண்ணே, இனிமே உங்களுக்கு வாய் வலி இல்ல. சாரை லாரி மேல நிக்க வச்சிடலாம்."

மேலே நின்றவர் நீட்டிய கையை மடக்கிக்கொண்டார்.

அந்த எழுத்து அந்தப் பனியனுக்கு எப்படி வந்தது என்பதைச் சொல்ல வேண்டும்.

அப்போது ஏணிக்குப் பதினேழு வயது. காலேஜ் ஹாஸ்டல் சமையலறைக்கு ஒரு லோடு பழம் போயிற்று. சாமான் அறை மாடியில் இருந்தது. மாடிப்படியில் சிமென்ட் பூச்சு காயவில்லை. அப்பா எப்படியோ சுவரோரமாக ஒட்டி ஏறி மாடிக் கதவில் நின்றுகொண்டார். மகள் கீழே. "விடு" என்றார். அவள் விட்டாள். நூறு பழத்தையும் அப்படியே ஏற்றினார்கள், ஒன்றுகூட உடையவில்லை. விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அந்தப் பக்கமாக வந்த கோச், முப்பதாவது பழத்திலிருந்து நின்று பார்த்தார்.

"பாப்பா, என்ன உயரம் நீ?"

"அளந்து பார்த்ததில்ல சார். வாசல்ல குனிஞ்சு போவேன்."

மைதானத்துக்குக் கூட்டிப்போய் வளையத்தைக் காட்டினார்.

"இவ்ளோதானா?" என்றாள். "எங்க லாரி லோடு ஏறினா இதவிட உசரம்."

வீட்டில் அம்மா ஒரு வாரம் சண்டை போட்டாள். அவள் தம்பி, லாரி டிரைவர், நடுவில் புகுந்து பேசினான்.

"அக்கா, படிப்பு, ஹாஸ்டல் எல்லாம் அவங்க பொறுப்பு. நாலு வருஷம் நல்லா ஆடிட்டா கம்பெனி டீம்ல எடுத்துக்குவாங்க. அப்புறம் அதே கம்பெனியில நிரந்தர வேலை. ஃபேனுக்குக் கீழ நாற்காலி."

"இவ உக்கார்ந்தா அந்த நாற்காலி தாங்குமாடா?"

"இவளுக்குன்னு செஞ்சு போடுவாங்க."

"பந்தைப் பொத்தல் கூடையில போடறதுக்கு ஒரு உத்தியோகம். அடியில துணி வச்சுத் தைக்கக்கூடவா ஆள் இல்ல அங்க?"

கடைசியில் அவளே ஒரு போர்வையையும் இரண்டு சோப்பையும் மடித்து வைத்து அனுப்பினாள்.

நாலு வருஷம் ஆடினாள். முதல் வருஷம் சிரித்தார்கள். எதிராளி தப்பு செய்தால் தனியாக நின்று பந்து போடக் கொடுப்பார்களே, அப்போது எல்லோரும் தலைக்கு மேலிருந்து போட, இவள் இரண்டு கையாலும் முழங்காலுக்குக் கீழிருந்து, பழம் வீசுகிற மாதிரி வீசுவாள். "பாத்திரம் கழுவின தண்ணிய ஊத்துது பாரு" என்று கேலரியில் கத்தினார்கள். கோச் எவ்வளவோ மாற்றிப் பார்த்தார். கை மாறவில்லை. பிறகு எண்ணத் தொடங்கினார்கள். பத்துக்கு ஒன்பது விழுந்தது. அடுத்த வருஷம் அவள் கோட்டருகே வந்தாலே ஹால் மூச்சடங்கி நின்றது. மூன்றாவது வருஷம் பேப்பரில் படம் வந்தது. டிரைவர் அதைக் கத்தரித்து லாரிக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு ஓட்டினான்.

வீட்டிலிருந்து யாரும் போய்ப் பார்க்கவில்லை. மேட்ச் நடக்கிற மாதங்களும் பழம் பறிக்கிற மாதங்களும் ஒன்று. போனில் கேட்டுக்கொள்வதுதான்.

"சாப்பிட்டியா?" என்பாள் அம்மா.

"சாப்பிட்டேன்மா. இன்னைக்கு முப்பத்தொரு பாயின்ட்."

"காய்கறி போடறாங்களா?"

"போடறாங்கம்மா. முப்பத்தொண்ணும்மா."

"சரி சரி, கண்ணு பட்டுடப் போகுது. இந்தா அப்பா."

அப்பா கேட்பது எப்போதும் ஒரே கேள்விதான்.

"பிடிக்கற ஆளு எப்படிம்மா?"

"ஆளு இல்லப்பா. வளையம்."

"கை இல்லாததுக்கா வீசற?"

"ஆமாம்ப்பா. அது கையே நீட்டாது. சும்மா நிக்கும்."

"அது என்ன வேலை," என்பார் அப்பா. அவருக்கு அது கடைசி வரை புரியவே இல்லை.

அந்தக் காலேஜில் நாலு வருஷத்தில் ஒரு ஆள் எடுத்த அதிக பாயின்ட் ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதின்மூன்று. பத்தொன்பது வருஷமாக யாரும் அதைத் தொடவில்லை. ஏணி கடைசி மேட்சுக்கு வரும்போது அதைத் தாண்ட அவளுக்கு இன்னும் இருபது வேண்டியிருந்தது. அந்த வாரமே மழை பிடித்து ஷெட் வேலை நின்றது. டிரைவர், "மாமா, கிளம்புங்க. இதை விட்டா அப்புறம் ஆயுசுக்கும் கிடையாது," என்று அவரை லாரியில் ஏற்றிக்கொண்டு போனான். அம்மா போகவில்லை. வெடித்த பழங்களைப் பொறுக்க ஆள் வேண்டுமே.

அவ்வளவு கூட்டத்தை ஒரே கூரைக்கடியில் அவர் பார்த்ததில்லை.

"இத்தனை பேருக்கும் இன்னைக்கு வேலை இல்லையா?"

"இதுதான் மாமா வேலை. கத்தறது."

மகள் பதினெட்டு எடுத்ததைக் கண்ணால் பார்த்தார். அதற்குப் பிறகு அவள் போய் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். முட்டியில் ஐஸ் பையைக் கட்டினார்கள். நேரம் முடிய இரண்டு நிமிஷம் இருக்கும்போது கோச் குனிந்து அவள் காதில் ஏதோ சொன்னார். எழுந்தாள். கேலரி முழுக்க "ஏணி! ஏணி!" என்று அலறியது. சில பிள்ளைகள் அட்டையில் "இன்னும் ஒண்ணே ஒண்ணு" என்று எழுதித் தூக்கிப் பிடித்தார்கள்.

"கால் தரையை மிதிக்கலையே. தொட்டுத் தொட்டுப் போகுதே," என்றார் அப்பா.

"அது ஒரு தந்திரம் மாமா."

"நொண்டற மாட்டை எனக்குத் தெரியாது? உண்மையச் சொல்லு."

டிரைவர் ஆட்டத்தைப் பார்த்தபடியே சொன்னான். "ரெண்டு வாரமா முட்டி சரியில்ல மாமா. ஆறு வாரம் குதிக்கவே கூடாதுன்னு டாக்டர் சொன்னாராம். கோச் ஊசி போட்டு ஆட வைக்கறாரு. சொன்னா நீங்க கூட்டிட்டுப் போயிடுவீங்கன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிட்டா. அடுத்த வாரம் கம்பெனிக்காரங்க கையெழுத்து வாங்க வர்றாங்க மாமா, அதுவரைக்கும்..."

அப்பா மிச்சத்தைக் கேட்கவில்லை. நாற்காலி மேல் ஏறி நின்றுவிட்டார். ஓடுகிற லாரி எஞ்சினுக்கு மேல் கேட்கிற தொண்டை அது. ஆட்டத்தை விட்டுவிடு, வெளியே வந்துவிடு என்று சொல்ல நினைத்தார். கையை வீசி வீசி அவளை வெளியே கூப்பிட்டார். வாயில் வந்தது ஒரே ஒரு வார்த்தை.

"விடு!"

அவள் அவருக்கு முதுகைக் காட்டி நின்றாள். கையில் பந்து. முன்னால் இரண்டு பேர் மறித்து நின்றார்கள். அத்தனை கூச்சலில் அந்தக் குரல் மட்டும் அவள் காதுக்குப் போயிற்று. எட்டு வயதிலிருந்து கேட்ட குரல். திரும்பிப் பார்க்கவில்லை. எழும்பினாள், விட்டாள். பந்து வளையத்தில் விழுந்தது. அவளும் விழுந்தாள். பழுத்த பழம் சிமென்ட் தரையில் விழுந்தால் ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் கேட்டது என்று அப்பா இன்றைக்கும் நம்புகிறார். அந்த ஆரவாரத்தில் கேட்டிருக்க வழியில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினான்கு.

ஸ்ட்ரெச்சரில் கிடந்தபடியே பேப்பர்காரர்களிடம் ஏணி சொன்னாள்: "அப்பா விடுன்னார். நான் விட்டேன்." மறுநாள் அதுதான் தலைப்பு. அதற்கு மறுநாள் காலேஜ் வாசலில் பேனர். இரண்டு தடவை முட்டியை வெட்டித் தைத்தார்கள். கம்பெனியிலிருந்து மரியாதையான ஒரு கடிதம் வந்தது. உடல் தகுதி என்ற வார்த்தை அதில் மூன்று இடத்தில் இருந்தது. ஏணி ஊருக்கு வந்து முக்காலியில் உட்கார்ந்தாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து அப்பாவோடு திரும்பி வரும் வழியிலேயே டிரைவர் அழுதுகொண்டு சொல்லிவிட்டான்: "நீங்க என்ன நினைச்சுக் கத்துனீங்கன்னு எனக்குத் தெரியும் மாமா. அவகிட்ட சொல்லிடாதீங்க. அவளுக்குன்னு மிச்சம் இருக்கறது அது ஒண்ணுதான். எங்கப்பா சொன்னார், போட்டேன்னு சொல்லிக்கறா. அதையும் பிடுங்கிடாதீங்க."

அவர் பிடுங்கவில்லை. இரண்டு வருஷமாக "ம்."

இப்போது கோச் வந்து நிற்கிறார். அம்மா மேசையைத் துடைக்காமலே ஒரு பெட்டியை நகர்த்தி உட்காரச் சொன்னாள். வெடித்த பழம் ஒன்றைக் கீறி வைத்தாள். டிரைவர் லாரிக் கதவில் சாய்ந்து நின்றான்.

"நல்லாயிருக்கியாம்மா?" என்றார் கோச்.

"இருக்கேன் சார்," என்றாள் ஏணி. ஒரு பழத்தைத் தட்டினாள். "காய்."

"புது ஹால் கட்டியிருக்கோம். மரத்தரை. திறப்பு விழாவுல உன் நம்பரைக் கூரையில ஏத்தறோம். இனிமே அந்த நம்பரை யாரும் போட முடியாது. நீ வரணும். அதைவிட முக்கியம்" என்று லாரியைப் பார்த்து நிமிர்ந்தார், "ஐயா வரணும். மேடையில நின்னு ஒரே ஒரு தடவை, அன்னைக்குச் சொன்ன மாதிரியே ‘விடு!’ன்னு ஒரு குரல். அந்தக் குரலுக்கு நம்பர் மேல ஏறும். ஹாலே அதிரும் பாருங்க."

மேலே அப்பா ஒரு பழத்தை வைக்கோலில் திருப்பி வைத்தார்.

"நம்பர் மட்டும்தான் ஏறுமா, இவளையும் ஏத்துவீங்களா?" என்றாள் அம்மா. "மேடைக்கு எத்தனை படி சார்?"

"நாலே படிதாம்மா."

"நாலே படி. வீட்டு வாசல்ல ரெண்டு படி இருக்கு. காலையில அதுல இறங்கறத நீங்க ஒருநாள் நின்னு பார்க்கணும். முதல்ல சுவர், அப்புறம் நல்ல கால், அப்புறம் என் தோள். நான் அடுப்பை அணைச்சுட்டு வந்து நிக்கணும்."

"தூக்கிட்டுப் போகப் பசங்க இருக்காங்கம்மா."

"இருப்பாங்க. அன்னைக்கும் நாலு பேர் தூக்கிட்டுத்தானே போனாங்க."

கோச் பழத்துண்டைக் கையில் எடுத்தார். கடிக்கவில்லை. "அம்மா, என் மேல உங்களுக்கு வருத்தம் இருக்கு. நியாயம்தான். ஆனா நான் உள்ள அனுப்பினது பாஸ் கொடுக்க மட்டும்தான். குதிக்கச் சொல்லல. அறிக்கையிலயும் அதுதான் இருக்கு."

"எந்த அறிக்கை?" லாரி மேலிருந்து முதல்தடவையாகக் குரல் வந்தது.

"விசாரணைன்னு ஒண்ணு வச்சாங்களே ஐயா. அடிபட்ட பொண்ணை ஏன் இறக்கினேன்னு கேட்டாங்க. ஆட்டக்காரியோட விருப்பம், தகப்பனார் கேலரியிலிருந்து சொன்னதால ஷாட் எடுத்தாங்கன்னு எழுதி முடிச்சாச்சு. பாப்பாதான் கையெழுத்துப் போட்டுச்சு."

ஏணி இன்னொரு பழத்தைத் தட்டினாள். காதைச் சாய்த்தாள். ஒன்றும் சொல்லாமல் கீழே வைத்தாள்.

அப்பா லாரியிலிருந்து இறங்கினார். சக்கரத்தில் கால் வைத்து, வைக்கோல் ஒட்டிய முழங்கையோடு, மெதுவாக. கோச்சுக்கு முன்னால் வந்து நின்றார். டிரைவர், "மாமா," என்றான். "மாமா, வேணாம்."

"நான் போடச் சொல்லல," என்றார் அப்பா.

"ஐயா?"

"போடச் சொல்லல. குதிக்கச் சொல்லல. ஆட்டத்த விட்டுட்டு வெளிய வான்னு சொன்னேன். எனக்கு வார்த்தை அவ்ளோதான் வந்துச்சு."

அம்மாவின் கை மேசை மேல் அப்படியே நின்றது. கோச் தன் பனியனைக் குனிந்து பார்த்துக்கொண்டார். அதிலிருந்த வார்த்தையை அப்போதுதான் படிப்பவர் போல.

"ஐயா, இப்போ போய் அதைச் சொல்லாதீங்க," என்றார். பனியன் நுனியை இழுத்துவிட்டுக்கொண்டு, "ஆயிரம் சட்டை அடிச்சாச்சு," என்றார்.

டீ குடிக்கக் கிளம்பிய ஆட்களில் ஒருவன் புரை ஏறி இருமினான். அது சிரிப்பா இருமலா என்று தெரியவில்லை.

"சார், நீங்க கிளம்புங்க," என்றாள் ஏணி. "மழை வந்தா மண் ரோட்டுல கார் போகாது."

"விழாவுக்கு..."

"நம்பரை ஏத்திக்குங்க. அதுக்கு நாங்க எதுக்கு? கயிறு இருந்தா போதும்."

கார் போன பிறகும் அட்டைப்பெட்டி இருந்தது. அளவு பார்த்து வீட்டில் எல்லோருக்கும் ஒவ்வொரு பனியன் கொண்டுவந்திருந்தார் போல. அப்பா மகளுக்கு எதிரே, தரையில், வைக்கோல் மேல் உட்கார்ந்தார்.

"உன்கிட்ட சொல்லியிருக்கணும். உன் மாமா வேணாம்னான். எனக்கும் தைரியம் இல்ல."

"எனக்குத் தெரியும்ப்பா."

"என்ன தெரியும்?"

"நீங்க விடச் சொல்லலைன்னு."

டிரைவர் நிமிர்ந்தான். "எப்போலேருந்துடி?"

"மேல இருக்கும்போதே மாமா." கையைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினாள், அந்தக் கை மட்டும் இன்னும் அதே கைதான். "பந்து கைய விட்டுப் போயிடுச்சு. கால் இன்னும் தரைக்கு வரல. அப்போ திரும்பிப் பார்த்தேன். அப்பா நாற்காலி மேல நிக்கறார். கை நீட்டல. இப்படி இப்படின்னு வீசறார், வா வான்னு. அடடா, வேற விடுன்னு புரிஞ்சுது. கீழ வர்றதுக்குள்ள புரிஞ்சுடுச்சு. என்ன பண்றது, இறங்கித்தானே ஆகணும்."

அப்பா இரண்டு கைகளையும் மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்புறம் ஏம்மா எல்லார்கிட்டயும் அப்பா சொன்னார்னு சொன்ன?" என்றான் டிரைவர்.

"சொன்னார்தானே? விடுன்னுதானே சொன்னார்? கை பார்க்காம விட்டது நான். அது என் தப்பு. எட்டு வயசுல சொல்லிக் குடுத்தது."

"கை நீட்டாம அந்த வார்த்தையச் சொன்னவன் நான்," என்றார் அப்பா. "அது சொன்னவன் தப்பு."

"முதுகக் காட்டிக்கிட்டு நின்னது நான்ப்பா."

"உன் முதுகப் பார்த்துக்கிட்டே சொன்னவன் நான்."

"திரும்பியிருக்கணும்."

"வாய மூடிக்கிட்டு இருந்திருக்கணும்."

உடைந்த பழத்தை நடுவில் வைத்துக்கொண்டு தினம் ஆட்கள் பேசுகிற பேச்சுத்தான். குரல்கூட உயரவில்லை. அம்மா ஒரு துணியை எடுத்து மேசையை ஓங்கி அடித்தாள்.

"நல்லா பங்கு போட்டுக்குங்க. அப்பனுக்குப் பாதி, மகளுக்குப் பாதி. லாரிச் சட்டம் பேசறீங்களே ரெண்டு பேரும், நான் ஒண்ணு கேக்கறேன். ஊசி போட்டவன் எங்க நின்னான்? மேலயா, கீழயா? சட்டை அடிச்சவன் எங்க நின்னான்? அவனுக்கு ஒரு கீத்துகூட வைக்காம நீங்களே திங்கறீங்களே, உங்களுக்கே இது அடுக்குமா? ஏணின்னு பேர் வச்சாலும் வச்சீங்க. ஏறினவன் ஏறிட்டான். இங்க உக்கார்ந்து எந்தப் படி முதல்ல ஒடிஞ்சதுன்னு ஆராய்ச்சி."

அந்த ஷெட்டுக்குத் தெரிந்த சட்டத்தில் மேலே ஒருவர், கீழே ஒருவர், அவ்வளவுதான். மூன்றாவது ஆளுக்கு அதில் இடமே கிடையாது.

"அவர் கேட்டார், நான் சரின்னேன்மா," என்றாள் ஏணி. "அந்த ரெக்கார்டு எனக்கு வேணும்னு இருந்துச்சு. வலியே தெரியல அன்னைக்கு. நல்ல ஊசி."

அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு பழம் பொறுக்கப் போனாள்.

மேகம் தலைக்கு மேல் வந்துவிட்டது. லோடு பாதி நின்றது. டீக்குப் போன ஆட்கள் இன்னும் திரும்பவில்லை. ஏணி சுவரைப் பிடித்து எழுந்தாள். குவியலில் குனிந்து தூக்கக் கால் இடம் கொடுக்காது. மேசை மேலிருந்த ஒரு பழத்தை எடுத்து இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு லாரியடிக்கு நடந்தாள். மடங்காத காலைப் பக்கவாட்டில் இழுத்து வைத்து ஆறேழு அடி.

"ப்பா. மேல ஏறுங்க."

"எதுக்கு?"

"ஒரு பழம். ஏறுங்க."

ஏறினார். நின்றார். இரண்டு கைகளையும் நீட்டினார்.

அவள் முதலில் கையைப் பார்த்தாள். நன்றாகப் பார்த்தாள். பழத்தை முழங்காலுக்குக் கீழே இறக்கி, வீசுகிற இடத்தில் நிறுத்தினாள். காத்திருந்தாள்.

"சொல்லுங்க."

அவர் உதடு அசைந்தது.

"கை பார்த்துட்டேன்ப்பா. சொல்லுங்க."

பத்துக் கிலோப் பழம். எடை முழுவதும் ஒரே காலில் இருந்தது. தொடை நடுங்கத் தொடங்கியதைத் துணிக்கு மேலேயே பார்க்க முடிந்தது. டிரைவர் ஓடிவர ஒரு அடி எடுத்து வைத்து, பழம் பொறுக்கிக்கொண்டிருந்த அக்காவின் முகத்தைப் பார்த்து நின்றுவிட்டான்.

"ப்பா. கால் வலிக்குது."

நீட்டிய கை நீட்டியபடி இருக்க, அப்பா சொன்னார்:

"கீழ வைம்மா."

அவள் நிமிர்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு பழத்தை வைக்கோலில் கீறல் விழாமல் இறக்கி வைத்தாள். முக்காலிக்குத் திரும்பி நடக்க, வந்ததைவிட அதிக நேரம் பிடித்தது. உட்கார்ந்து, காலைப் பெட்டி மேல் இரண்டு கையாலும் தூக்கி வைத்து, அடுத்த பழத்தை மடியில் வாங்கினாள்.

"வெம்பல்," என்றாள்.

கீழே நிற்கிற ஆள் டீ குடித்துவிட்டு வந்தான். பெட்டியைத் திறந்து பார்த்து, ஒரு சிவப்புப் பனியனை எடுத்துத் தலை வழியாக மாட்டிக்கொண்டான்.

"நல்ல துணிண்ணே. வேர்வையை இழுத்துக்கும்."

அவள் வைத்துவிட்டுப் போன பழத்தை அவனே எடுத்தான். முதல் துளி தகரக் கூரையில் விழுந்தது. மேலே கை நீண்டது.

"ம்," என்றார் அப்பா.